கல்யாண மேடைக்கு எந்தப் பாட்டு: சிடியில் வாங்கியதா, டவுன்லோட் செய்ததா?

தமிழ்நாட்டில் கல்யாண ரிசப்ஷன், கல்லூரி விழா, கம்பெனி ஆண்டு விழா என்று பாட்டு போடும் ஒரு டிஜேயின் சேகரிப்பை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட ஒருவருடையது அல்ல. இந்தத் தொழிலில் நெடுநாள் இருப்பவர்கள் பலரிடமும் ஏறக்குறைய இதுதான் இருக்கும். அலமாரியில் 300 சிடி. ஹார்ட் டிஸ்க்கில் பல கை மாறி வந்த ஆயிரக்கணக்கான எம்பி3. ஒரு மண்டபத்தில் சவுண்ட் சர்வீஸ்காரர் பயனியரின் டிஜே பிளேயரான சிடிஜே-2000 நெக்சஸ் 2 ஜோடி வைத்திருப்பார். அடுத்த வாரம் வேறு ஊரில் பிளேயரும் மிக்ஸரும் ஒன்றாக உள்ள எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்2 மட்டும்தான் கிடைக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு 80களின் மெலடி, கூட்டம் எழுந்து வரும்போது 90கள், கடைசி ஒரு மணி நேரம் பறையும் தவிலும் அதிரும் குத்து, நடுநடுவே போன மாதம் வந்த பாட்டு. இனிமேல் வாங்குவதைச் சிடியாக வாங்குவதா, கோப்பாக இறக்குவதா என்பதுதான் கேள்வி.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேடையில் ஓட்டுவதற்காகச் சிடி வாங்க இன்று எந்தக் காரணமும் இல்லை. ஆனால் 2000களின் நடுப்பகுதிக்கு முந்திய தமிழ்ப் படப் பாட்டுக்கு, நம்பத்தக்க மூலப் பிரதி பெரும்பாலும் அசல் ஆடியோ சிடிதான். புதிய பாட்டுக்கு முறையான கடையில் வாங்கிய கோப்பே போதும், பல சமயம் அது ஒன்றுதான் வழி. தவிர்க்க வேண்டியது ஒன்றே: எங்கிருந்து வந்தது என்று தெரியாத கோப்பு. அது 320 கேபிபிஎஸ் (விநாடிக்கு 320 கிலோபிட்) என்று சொன்னாலும் சரி, ஃபிளாக் (தரம் இழக்காமல் சுருக்கும் வடிவம்) என்று சொன்னாலும் சரி.

அலமாரியில் இருப்பவை எல்லாம் சிடி அல்ல

300 வட்டுகளையும் முதலில் மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். பலர் இதைத் தவிர்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மாதிரி ரிப் செய்கிறார்கள், அதாவது கணினிக் கோப்பாக எடுக்கிறார்கள். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

முதல் குவியல் அசல் ஆடியோ சிடி, கடை வழக்கில் ஏசிடி. பெட்டியிலும் வட்டிலும் 'காம்பாக்ட் டிஸ்க் டிஜிட்டல் ஆடியோ' முத்திரை இருக்கும். உள்ளே 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரண்டு சேனல், விநாடிக்கு 1411.2 கிலோபிட். அடிப்பக்கம் வெள்ளி நிறம். கணினியில் போட்டால் பொதுவாக 15 டிராக்குக்கு மேல் காட்டாது.

இரண்டாவது எம்பி3 சிடி. 'ஒரே வட்டில் 100 பாட்டு' என்று அட்டையிலேயே போட்டிருக்கும். இதை இசை நிறுவனங்களே முறைப்படி வெளியிட்டதும் உண்டு, பிளாட்பாரத்தில் விற்றதும் உண்டு. வட்டாகக் கையில் இருந்தாலும் உள்ளே இருப்பது சுருக்கிய கோப்பு. 700 எம்பியில் 100 பாட்டு என்றால் ஒரு பாட்டுக்கு 7 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டுக்கு அது 190 கேபிபிஎஸ்க்குக் கீழே. 150 பாட்டு இருந்தால் 128க்குக் கீழே இறங்கிவிடும்.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றுவது: எம்பி3 கோப்புகளை எடுத்து, ஆடியோ சிடி வடிவில் பர்ன் செய்த சிடி-ஆர். பிளேயரில் அசல் சிடி போலவே ஓடும். ரிப் செய்தால் 1411 கேபிபிஎஸ் கோப்பு வரும். ஒலியோ 128 கேபிபிஎஸ்ஸில் ஒரு முறை நசுங்கியது. அடிப்பக்கம் பச்சை அல்லது நீலச் சாயல் அடித்தால் அது சிடி-ஆர். ரெக்கார்டிங் சென்டரில் எழுதி வாங்கியவை அநேகமாக இந்த வகை. இவற்றை வைத்து நேரம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பாட்டுக்கு வேறு மூலம் தேடுவதே நல்லது.

ஹார்ட் டிஸ்க்கில் 'ஏசிடி ரிப் 320' என்று பெயர் வைத்த கோப்புகளை எப்படிப் பார்ப்பது

கோப்பின் பெயரை நம்பக் கூடாது. அலைக்கற்றைப் படத்தைப் பார்க்க வேண்டும். ஸ்பெக் என்ற இலவச நிரலில் கோப்பை இழுத்துப் போட்டால், நேரம் கிடையாகவும் அதிர்வெண் நெடுக்காகவும் படம் வரும். 128 கேபிபிஎஸ் எம்பி3 பொதுவாக 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியது போல நிற்கும். 192 என்றால் 18 முதல் 19 வரை. எம்பி3 ஆக்கும் லேம் என்கோடரில் நேராகச் செய்த 320 என்றால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். 320 என்று எழுதியிருக்கும் கோப்பு 16இல் வெட்டுப்பட்டிருந்தால், 128ஐ எடுத்து மறுபடி 320ஆக மாற்றியிருக்கிறார்கள். கோப்பு பெருத்தது, ஒலி இன்னும் ஒரு படி கெட்டது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 70, 80களில் நாடாவில் பதிவான பாட்டுகளில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இயல்பாகவே அதிகம் இருக்காது. அசல் சிடியிலிருந்து எடுத்தாலும் மேல்பகுதி மங்கலாகத்தான் தெரியும். வேறுபாடு விளிம்பில் இருக்கிறது. நாடாவின் இழப்பு சரிவாக இறங்கும். அதற்கு மேலேயும் நாடா இரைச்சல் மெல்லிய படலமாகத் தொடரும். எம்பி3 வெட்டு சுவர் போல நேராக நிற்கும். அதற்கு மேல் முழுக் கறுப்பு. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் நல்ல ரிப்பைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. தலைகீழாக, கடையில் வாங்கிய தொகுப்பு சிடியிலேயே அந்தக் கறுப்புச் சுவர் தெரிவதும் உண்டு. தயாரித்தவர்களே எம்பி3யிலிருந்து வட்டு அடித்திருந்தால் முத்திரை மட்டும் என்ன செய்யும்? ஆகவே வட்டையும் சோதித்துத்தான் நம்ப வேண்டும்.

யூடியூபிலிருந்து இறக்கி எம்பி3 ஆக்கியவை தனி ரகம். அங்கே ஒலி ஏறக்குறைய 128 கேபிபிஎஸ் ஏஏசியாகவோ, 160 கேபிபிஎஸ் வரையிலான ஓபஸாகவோதான் கிடைக்கிறது (இரண்டும் எம்பி3 போன்ற சுருக்க வடிவங்கள்). மாற்றித் தரும் தளம் '320' என்று எழுதினால் அது வெறும் எண். ஓபஸிலிருந்து மாற்றியது 20 கிலோஹெர்ட்ஸ் வரை காட்டுவதால் ஸ்பெக் படத்தில் தப்பித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். படம் குற்றவாளியைக் காட்டும். நிரபராதி என்று சான்றிதழ் தராது.

மேடையில் இவை எப்படித் தெரியும்? 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இல்லாததை மண்டபத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். கெடுவது வேறு இடத்தில். குறைந்த பிட்ரேட் எம்பி3யில் பறை அடிக்கு ஒரு நொடித்துகள் முன்பே ஒரு மெல்லிய இரைச்சல் கிளம்பும். அடி அறைந்து விழாமல் குழைந்து விழும். குத்துப் பாட்டின் உயிரே அந்த முதல் அறைதான். ஜால்ராவும் சிம்பலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலச் சுழலும். வேகத்தை 6, 8 சதவீதம் மாற்றி சுருதி மாறாமல் காக்கும் மாஸ்டர் டெம்போ பட்டனையும் அழுத்தினால் இந்தக் குறைகள் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும்.

'டிடிஎஸ் 5.1 ரீமாஸ்டர்' என்ற பெயரில் சுற்றும் பழைய பாட்டுகளை நாங்கள் மேடைக்கு முழுவதுமாக விலக்குகிறோம். காரணம் இரண்டு. ஒன்று, ஒற்றைச் சேனல் பாட்டைச் செயற்கையாக அகலப்படுத்தும்போது இடது, வலது அலைகளின் கட்டம் (ஃபேஸ்) முரண்படும். பல மண்டபங்களில் சவுண்ட் சர்வீஸ்காரர் ஸ்பீக்கர்களை மோனோவில்தான் ஓட்டுவார். இரண்டு சேனலும் சேரும்போது குரல் மெலிந்து பின்னால் போய்விடும். எந்தப் பாட்டையும் ஆடாசிட்டி நிரலில் மோனோவாக்கிக் கேட்டால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். இரண்டாவது காரணம் ஆபத்தானது. டிடிஎஸ் சிடியில் இருப்பது குறியீடாக்கிய பல சேனல் ஒலி; அதிலிருந்து எடுத்த வேவ் கோப்பு வெளித்தோற்றத்தில் சாதாரண 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் கோப்புதான். டிகோடர் இல்லாத பிளேயரில் போட்டால் உரத்த இரைச்சல் மட்டும் வரும். ஹெட்ஃபோனில் கேட்காமல் மிக்ஸரின் ஃபேடரை ஏற்றினால் ஸ்பீக்கரில் உச்ச ஒலி தரும் ட்வீட்டர் போகலாம், முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் நிலை அதைவிட மோசம்.

வட்டு ஏன் மேடையை விட்டுப் போனது

பயனியரின் சிடிஜே-500 வந்தது 1994இல். 2001இல் சிடிஜே-1000, சிடியைக் கையால் இசைத்தட்டு போலத் தேய்க்கும் வசதியைக் கொண்டுவந்தது; கியூ புள்ளிகளை (பாட்டில் குறித்து வைக்கும் தொடக்க இடங்கள்) சேமிக்கத் தனியே ஒரு மெமரி கார்டு செருக வேண்டியிருந்தது. 2009இன் சிடிஜே-2000இல் யூஎஸ்பியும், பாட்டுகளை ஆய்ந்து ஒழுங்குபடுத்தும் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளும் நடுநாயகமாயின. 2016இன் நெக்சஸ் 2இல் சிடி டிரைவ் இன்னும் இருந்தது. 2020இன் சிடிஜே-3000இல் அது இல்லை.

டிரைவ் இருக்கும் இயந்திரத்திலும் வட்டு போட்டால் இழப்பவை பல. முன்கூட்டியே ஆய்ந்த அலைப்படமும், அடிகளின் இடத்தைக் காட்டும் பீட் கிரிட்டும் கிடைக்காது. வட்டைப் படிக்கச் சில விநாடிகள் பிடிக்கும். மேடைக்கு அடியிலேயே சப்வூஃபர் வைத்திருந்தால் அதிர்வில் லேசர் தடம் மாறும். திறந்தவெளிப் பந்தல் தூசி லென்ஸில் படிந்தால் டிரைவ் வட்டையே அடையாளம் காணாது. 300 சிடியைப் பெட்டியோடு தூக்கினால் 30 கிலோ அளவுக்கு வரும். ஆக, வட்டின் இடம் வீட்டு அலமாரி.

அசல் சிடியிலிருந்து பிசகில்லாமல் எடுப்பது

ஆடியோ சிடியைக் கோப்பு நகலெடுப்பது போல நினைத்தால் தவறு. கணினித் தரவு சிடியில் ஒரு செக்டாரின் 2352 பைட்டில் 2048தான் தரவு. மீதியில் கூடுதல் பிழைதிருத்தமும் உண்டு. ஆடியோ சிடியில் 2352ம் ஒலியே. அடிப்படைப் பிழைதிருத்தம் தோற்றால், டிரைவ் அக்கம்பக்கத்து மதிப்புகளை வைத்து இட்டுக்கட்டி நிரப்பிவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தொடரும். காதில் அது சிறு 'டிக்' ஆகவோ மங்கலாகவோ கேட்கும், அல்லது வீட்டு ஸ்பீக்கரில் கேட்காமலே போய், 10 கிலோவாட் அமைப்பில் மட்டும் கேட்கும்.

அதனால் வேகமாக ரிப் செய்யும் சாதாரண மீடியா பிளேயரை விட்டுவிட்டு, விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி அல்லது டிபி பவர்ஆம்ப், மேக்கில் எக்ஸ்எல்டி பயன்படுத்துங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் 'செக்யூர்' முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரைவ் ஒலித்தரவைக் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வைத்துக்கொள்கிறதா என்று நிரலையே சோதிக்க விடுங்கள். கேஷை முடக்காவிட்டால், இரண்டாம் முறை படிப்பது வட்டிலிருந்து அல்லாமல் நினைவகத்திலிருந்து வந்து, பிழையும் 'ஒத்துப்போகிறது' என்று காட்டும். படிப்பதில் நேர்ந்த பிழையைச் சொல்லும் சி2 பிழைச்சுட்டியை எல்லா டிரைவும் நேர்மையாகச் சொல்வதில்லை. சந்தேகம் இருந்தால் அணைத்து வையுங்கள். ஒவ்வொரு டிரைவ் மாடலுக்கும் ஒரு ரீட் ஆஃப்செட் (படிக்கத் தொடங்கும் இடத்தின் விலகல்) உண்டு, சில சாம்பிளிலிருந்து சில நூறு சாம்பிள் வரை. அதைச் சரியாக அமைத்தால்தான் ஒப்பீடு பொருள்படும்.

ஒப்பீட்டுக்கு அக்யூரேட்ரிப் தரவுத்தளம் இருக்கிறது: அதே வட்டை உலகில் மற்றவர்கள் எடுத்தபோது வந்த செக்சம்மோடு (சரிபார்ப்பு எண்) உங்களுடையதை ஒப்பிடும். மேற்கத்திய இசை வட்டுகளுக்கு இது அருமை. தமிழ்ப் பட சிடிகளுக்குப் பெரும்பாலும் பதிவே இருக்காது. அப்போது 'டெஸ்ட் அண்ட் காப்பி' செய்யுங்கள். இரண்டு முறை படித்து இரண்டு சிஆர்சி சரிபார்ப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கீறல் உள்ள வட்டென்றால் வேறொரு நிறுவனத்து டிரைவிலும் எடுத்துப் பாருங்கள். இரண்டு வெவ்வேறு டிரைவ் ஒரே எண்ணைத் தந்தால் அது நல்ல ரிப். நிரல் எழுதும் லாக் கோப்பை அழிக்காமல் அதே ஃபோல்டரில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்து 'இது எங்கிருந்து வந்தது' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அதுதான்.

வட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். சுற்றித் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடும். நீளமான தொடர் பிழையைத் திருத்தம் தாங்காது. அடிப்பக்கக் கீறலைவிட லேபிள் பக்கக் கீறல்தான் கொடுமை. அடியில் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் இருக்கிறது, அதை மெருகேற்றிச் சரிசெய்யலாம். லேபிள் பக்கம் மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேயே அலுமினியம். அது உரிந்தால் பாட்டும் போயிற்று. பழைய சிடி வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; ஊசித் துளைகள் கூட்டமாகத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

80களின் சிடிகளில் இன்னொரு கண்ணி ப்ரீ-எம்ஃபசிஸ். அந்தக் காலத்து வட்டுகள் சிலவற்றில் உச்ச அதிர்வெண்களை வேண்டுமென்றே தூக்கிப் பதித்திருப்பார்கள். 20 கிலோஹெர்ட்ஸில் இது 9.5 டெசிபல் அளவு. சிடி பிளேயர் அந்தக் குறியைப் பார்த்துத் தானே இறக்கிக்கொள்ளும். ரிப் செய்த கோப்பில் இறக்க ஆள் இல்லை. வயலின் கூச்சமாகவும் 'ச', 'ஸ' ஒலிகள் சீறலாகவும் கேட்கும். குறி சில வட்டுகளில் பொருளடக்கப் பகுதியில் இல்லாமல் துணைக்குறியீட்டுப் பகுதியில் மட்டும் இருக்கும், நிரல் தவறவிடும். சந்தேகம் வந்தால் அதே வட்டைச் சிடி பிளேயரிலும் கோப்பைக் கணினியிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வேறுபாடு உறுதியானால் சாக்ஸ் நிரலின் டீஎம்ஃபசிஸ் வடிகட்டியை ஒரு முறை ஓட்டினால் சரியாகிவிடும். ஈக்வலைசரில் ட்ரெபிளைக் குறைத்துச் சமாளிப்பது அந்த வளைவோடு பொருந்தாது.

இறக்கி வாங்கும்போது கிடைப்பது என்ன

'டவுன்லோட்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் ஆகிவிட்டது. ஸ்ட்ரீமிங் செயலியில் அந்தப் பட்டனை அழுத்தினால் கிடைப்பது பூட்டிய கோப்பு. அந்தச் செயலிக்கு வெளியே ஓடாது, பென்டிரைவில் போட முடியாது, சந்தா முடிந்தால் போய்விடும். டிஜே மென்பொருளுக்குள் ஸ்ட்ரீமிங் இணைப்பை நம்புவதும் இப்படித்தான். ஸ்பாட்டிஃபை 2020 ஜூலையில் பிற நிறுவன டிஜே செயலிகளுக்கான இணைப்பை நிறுத்தியது. 2025இல்தான் சில மென்பொருள்களுக்கு மீண்டும் திறந்தது. மண்டபத்தில் 800 பேர் செல்போனை எடுத்தால் அங்கே டேட்டா இணைப்பு என்ன கதியாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விலை கொடுத்து வாங்கும் கோப்பு என்றால்: ஐடியூன்ஸ் ஸ்டோர் 2012 டிசம்பரில் இந்தியாவில் திறந்தது, தருவது பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் ஏஏசி. தமிழ்ப் படப் பாட்டுக்கு இது கௌரவமான மூலம். பேண்ட்கேம்பில் சுயாதீனக் கலைஞர்களின் பாட்டு ஃபிளாக், வேவ், ஏஐஎஃப்எஃப், எம்பி3 என்று கேட்ட வடிவில் கிடைக்கும். தமிழ் ராப், தமிழ் சுயாதீன இசை தேடுபவர்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். ஹவுஸ், டெக்னோ வகைக்கு பீட்போர்ட்டில் 320 எம்பி3, கூடுதல் விலைக்கு இழப்பில்லா வடிவம்.

கடையில் வாங்கியும் மேடையில் ஓடாமல் போவதற்குச் சில காரணங்கள் உண்டு. எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்2 எம்பி3, ஏஏசி, வேவ், ஏஐஎஃப்எஃப் ஆகியவற்றை மட்டும் படிக்கும், ஃபிளாக் படிக்காது. சிடிஜே-2000 நெக்சஸ் 2 படிக்கும். ஒரு ஊரில் ஓடிய பென்டிரைவ் அடுத்த ஊரில் ஊமையாவதற்கு இதுதான் முதல் காரணம். ஆப்பிளின் இழப்பில்லா வடிவமும் எம்4ஏ என்ற அதே பின்னொட்டோடுதான் வரும். பார்வைக்கு ஏஏசி போல இருந்துகொண்டு பழைய பிளேயரில் மறுக்கும். 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளும் பழைய மாடல்களில் ஓடாது, 48தான் அங்கே எல்லை.

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது, சரியான வேவ் கோப்பே 'இ-8305' பிழை காட்டுவது. கோப்பின் தலைப்பகுதியில் வடிவக் குறி சாதாரண பிசிஎம் என்று இல்லாமல் 'எக்ஸ்டென்சிபிள்' என்று எழுதப்பட்டிருக்கும். ஒலி அதேதான், பழைய சிடிஜே அந்தக் குறியைப் பார்த்ததும் மறுத்துவிடும். 20ஆம் பைட்டில் தொடங்கும் 'எஃப்இ எஃப்எஃப்' என்ற இரண்டு பைட்டை '01 00' என்று மாற்றினால் பெரும்பாலும் ஓடும். ஹெக்ஸ் எடிட்டரைத் தொட விருப்பமில்லை என்றால் ஏஐஎஃப்எஃப் ஆக மாற்றிவிடுங்கள், பிரச்சினையே எழாது.

வீட்டுக்கு ஒரு வடிவம், மேடைக்கு ஒரு வடிவம்

வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஃபிளாக், பென்டிரைவில் ஏஐஎஃப்எஃப். இதுவே எங்கள் பரிந்துரை. ஃபிளாக்கில் செக்சம் உள்ளேயே இருப்பதால் கோப்பு கெட்டால் கண்டுபிடிக்கலாம். ஏஐஎஃப்எஃப் சுருக்காத ஒலி, பாட்டுப் பெயரும் அட்டைப்படமும் ஒழுங்காக ஏறும், மேலே சொன்ன இரண்டு இயந்திரத்திலும் ஓடும். வேவில் பெயர் விவரம் ஏறுவது மென்பொருளுக்கு மென்பொருள் மாறுவதால் அதைத் தவிர்க்கிறோம். ஏஏசியாக வாங்கியதை ஏஏசியாகவே விட்டுவிடுங்கள். அதை ஏஐஎஃப்எஃப் ஆக்கினால் இடம்தான் வீணாகும். எம்பி3 ஆக்கினால் தரமும் குறையும்.

சுருக்காத ஒலி நிமிடத்துக்கு 10.6 எம்பி. சராசரி ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஒரு பாட்டு 53 எம்பி, 1000 பாட்டு 53 ஜிபி; ஒரு 64 ஜிபி பென்டிரைவில் அடங்கும். 320 எம்பி3 என்றால் 1000 பாட்டுக்கு 12 ஜிபி. 300 சிடியும் சராசரி 60 நிமிடம் என்றால் சுருக்காமல் 190 ஜிபி, ஃபிளாக்கில் அதில் பத்தில் ஆறு பங்கு, ஏறக்குறைய 115 ஜிபி. இன்றைய ஹார்ட் டிஸ்க் விலையில் இடத்தைக் காரணம் காட்டித் தரத்தைக் குறைக்க அவசியமில்லை. அதே சமயம், அசல் சிடியிலிருந்து நேராகச் செய்த 320 எம்பி3யையும் ஏஐஎஃப்எஃப்பையும் மண்டபத்து ஸ்பீக்கரில் பிரித்தறிவது மிகக் கடினம். சுருக்காத பிரதி கைகொடுப்பது வெட்டி ஒட்டும்போது. நம் பாட்டுகள் பலவற்றில் முன்னால் தாளமில்லாத ஆலாபனையோ ஹம்மிங்கோ வரும். அதை நீக்கி, இடையிசையின் எட்டுப் பாரை முன்னால் ஒட்டி மிக்ஸுக்கு ஏற்றதாக்கினால், எம்பி3யில் ஒவ்வொரு சேமிப்பும் ஒரு மறுசுருக்கம்.

பென்டிரைவை ஃபேட்32 வடிவில் ஃபார்மட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ் இந்தப் பிளேயர்களில் படிக்காது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 காட்டாமல் போகலாம், அதற்குத் தனி நிரல் வேண்டும். ஒரே ஏற்றுமதியை இரண்டு பென்டிரைவில் வைத்திருப்பது கட்டாயம். பாட்டுப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒரே முறையில் எழுதுங்கள். இணையத் தரவுத்தளங்கள் 'காதல்' என்பதற்கே ஒரு 'ஏ' போட்டும் இரண்டு 'ஏ' போட்டும், 'டி' போட்டும் 'டிஹெச்' போட்டும் விதவிதமாகத் தரும். மாப்பிள்ளையின் மாமா வந்து கேட்கும் பாட்டை 20 விநாடியில் தேடி எடுக்க இதுதான் தடை.

எந்தப் பதிப்பை வாங்குவது

ஒரே பாட்டு மூன்று சிடியில் இருக்கும், மூன்றும் ஒன்றல்ல. படத்தின் முதல் சிடி வெளியீடு, பின்னால் வந்த தொகுப்பு, 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்று வந்த மறுவெளியீடு. பின்னவற்றில் ஒலியளவை உச்சத்துக்கு நெருக்கி அடியின் வீச்சை மட்டையாக்கியிருப்பது வழக்கம். சில தொகுப்புகளில் நாடாவின் வேகமே சற்று வேறுபட்டு, பாட்டின் நீளம் ஓரிரு விநாடி மாறும், சுருதியும் மாறும். கடைகளில் இறக்கக் கிடைக்கும் பழைய பாட்டு எந்தப் பிரதியிலிருந்து ஏற்றப்பட்டது என்று எங்கும் எழுதியிருக்காது. முதல் வெளியீட்டுச் சிடியைத் தேடிப் போவதற்கு இதுவே காரணம். அது கிடைக்காமல், தொகுப்புக்கும் ஏஏசிக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் இரண்டையும் கேட்டு, அடி உயிரோடு இருப்பதை எடுங்கள்.

பழைய சிடிக்கும் இன்றைய பாட்டுக்கும் சராசரி ஒலியளவில் 10 டெசிபல் வரை இடைவெளி இருக்கும். இதைச் சரிக்கட்ட, உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் போட்டுப் பழைய பாட்டை நெருக்காதீர்கள். மிக்ஸரின் ட்ரிம் குமிழ் அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் பழைய பாட்டைத் தூக்கினால் அதன் உச்ச அடிகள் சிவப்பைத் தொடும். எனவே சவுண்ட் செக்கில் இன்றைய குத்துப் பாட்டை வைத்து அளவு அமைக்கும்போதே, மிக்ஸரில் அதைச் சிவப்புக்கு 6 டெசிபல் கீழே நிறுத்தி, மீதி ஒலியை ஆம்ப்ளிஃபையர் பக்கம் கேளுங்கள். இதைச் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் மாலை நான்கு மணிக்கே சொல்லிவிட வேண்டும். கூட்டம் வந்தபின் சொன்னால் நடக்காது.

எந்த வழியில் வாங்கினாலும் பொது இடத்தில் போடும் உரிமை அதோடு வருவதில்லை. விழா, ஹோட்டல், கிளப் போன்றவற்றுக்கு பிபிஎல் (ஒலிப்பதிவு உரிமை), ஐபிஆர்எஸ் (பாடல் வரி, இசையமைப்பு உரிமை) போன்ற அமைப்புகளின் உரிமம் கேட்கப்படும். ஆனால் கல்யாணத்துக்கு 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு விலக்குத் தருகிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய சமூகக் கொண்டாட்டங்களும் அதன் விளக்கத்தில் அடங்கும். புத்தாண்டு இரவு நிகழ்ச்சிக்கு அந்த விலக்கு இல்லை.

பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதிய ரிப்பை வைக்கும்போது

ரெக்கார்ட்பாக்ஸில் கியூ, லூப் எல்லாம் போட்டு வைத்த எம்பி3யின் இடத்தில், சிடியிலிருந்து எடுத்த ஏஐஎஃப்எஃப்பை வைத்தால் புள்ளிகள் நகர்ந்து நிற்கும். எம்பி3யின் தொடக்கத்தில் வெற்று சாம்பிள்கள் சேர்வது அதன் இயல்பு: லேம் என்கோடர் பக்கம் 576, டிகோடர் பக்கம் 529, மொத்தம் 1105. நேரத்தில் 25 மில்லிவிநாடி. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் 500 மில்லிவிநாடிதான் இடைவெளி; 25 விலகினால் இரண்டு பாட்டைச் சேர்க்கும்போது அடி இரட்டித்துக் கேட்கும். எனவே புதிய கோப்பைப் புதிய பாட்டாகவே சேர்த்து, பீட் கிரிட்டை முதல் அடியில் பொருத்தி, கியூவைக் கையால் மறுபடி வையுங்கள். பட்டியலில் அதிகம் போடும் 100 பாட்டிலிருந்து தொடங்கினால் போதும்.

80களின் பாட்டுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிந்தவை அவை; சரணத்துக்குள் போகும்போது வேகம் சற்றே ஏறும், பல்லவிக்குத் திரும்பும்போது இறங்கும். மென்பொருள் பாட்டு முழுவதற்கும் ஒரே பிபிஎம் எண் கொடுத்தால் இரண்டாம் நிமிடத்திலேயே கிரிட் விலகிவிடும். ரெக்கார்ட்பாக்ஸில் ஆய்வு முறையை 'டைனமிக்' என்று மாற்றி அந்தப் பாட்டை மட்டும் திரும்ப ஆய்வுக்கு அனுப்புங்கள். பிறகு பல்லவி, அனுபல்லவி, சரணம் ஒவ்வொன்றின் முதல் அடியிலும் கிரிட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மெட்ரோனோமைப் போட்டுக் கேளுங்கள். அப்படியும் பொருந்தாத பாட்டை, வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டனில் விடாமல், முந்தைய பாட்டு முடிந்தபின் தனியாகத் தொடங்குங்கள்.